சரஸ்வதி பூஜையன்று இஸ்திரிப் பெட்டி

கொல்கத்தாவில் வளரும் தமிழ்க் குழந்தைகளுக்குச் சரஸ்வதி பூஜை ஆண்டுக்கு இரண்டு முறை வரும். நவராத்திரி முடிவில் வருவது நம்முடையது. குளிர் விடைபெறும் நேரத்தில் வருவது வங்காளிகளுடையது. இரண்டு நாளும் புத்தகத்தைத் தொடக்கூடாது. எங்கள் அப்பா இரண்டையும் ஒரே கண்டிப்புடன் கடைப்பிடித்தார். குடியிருக்கிற ஊரின் தெய்வத்திடம் சலுகை கேட்கக்கூடாது என்பது அவர் கட்சி.

அக்கா பத்தாவது படித்த வருஷம், வங்காளி பூஜைக்கு மறுநாள் அவளுக்கு பிசிக்ஸ் பரீட்சை. முந்தைய பரீட்சையில் அவள் வாங்கிய மதிப்பெண்ணை வீட்டில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. இதிலும் அப்படியே என்றால் பதினொன்றாவதில் காமர்ஸ்தான் என்று அப்பா சொல்லிவிட்டார். அவரே பி.காம். படித்து வங்கியில் அதிகாரியாக இருந்தவர். அதில் என்ன குறை என்று கேட்டார். ஜாதவ்பூருக்குப் போய் இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்று அக்கா என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. ஜாதவ்பூர் என்பது நாங்கள் இருந்த சால்ட் லேக்கிலிருந்து பஸ்ஸில் வெகுதூரம் என்பதுதான் எனக்குத் தெரிந்த இன்ஜினியரிங்.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பூஜை. எந்தப் பாடம் வரவில்லையோ அந்தப் புத்தகத்தைத் தேவியின் காலடியில் வைப்பது வங்காளிப் பிள்ளைகளின் வழக்கம். அக்காவும் காலையில் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு போய் பிசிக்ஸ் புத்தகத்தையும் நோட்டையும் வைத்துவிட்டு வந்தாள். அவை மறுநாள் காலைதான் திரும்பி வரும் என்பது படியேறி வந்தபிறகே அவளுக்கு உறைத்தது. நாங்கள் காக்கிமா என்று கூப்பிடும் கீழ்வீட்டு மாமி, தேவியே பார்த்துக்கொள்வாள் என்று வங்காள மொழியில் சொல்லிச் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. பிரசாதமாகத் தந்த கிச்சுடியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டாள்.

பிற்பகலில் அப்பா கூடத்தில் உலவிக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்துவரச் சொன்னார். எந்தச் சட்டைக்கு என்று அம்மா கேட்டாள். நான் பெட்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ள, அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதில் எண்கள் பொறித்திருந்த சின்னத் தகட்டைப் பார்த்தார்.

"இருநூத்தி இருபது வோல்ட். அஞ்சு ஆம்பியர். இதோட ரெசிஸ்டன்ஸ் என்ன?"

படிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு இவர் மட்டும் படிக்கிறாரே என்று அம்மாவிடம் முறையிட்டேன். தகடு புத்தகமாகாது என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள். "ஆயிரத்து நூறு ஓம்."

"கரெக்ட்" என்றார் அப்பா.

எனக்குக் கோபம் வந்தது. ஏனென்றால் தகட்டில் அதே எண் இருந்தது. "இங்கயே ஆயிரத்து நூறுன்னு போட்டிருக்கு. அக்கா எட்டிப் பாத்துட்டா!"

அக்கா கண்ணைத் திறந்தாள். என் கையிலிருந்து பெட்டியை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வாட்ஸ் என்று இருந்தது.

"அப்பா, தப்பு. நான் பெருக்கிட்டேன். பெருக்கினா பவர். ரெசிஸ்டன்ஸுக்கு வகுக்கணும்." கொஞ்சம் யோசித்தாள். "நாப்பத்து நாலு. நீங்க கரெக்ட்னீங்களே?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீயே கண்டுபிடிக்கிறியான்னு பாத்தேன்."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் அப்பா எவ்வளவு தந்திரசாலி என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அதற்குப்பின் டோஸ்டர் வந்தது, வெந்நீர் போடும் கம்பி வந்தது, ஸ்டூல் போட்டு மிக்ஸியைக்கூட இறக்கினோம். மிக்ஸி மோட்டார், அதற்குக் கணக்கு வேறு என்று அக்கா திருப்பி ஏற்றச் சொன்னாள். முன்போல அவள் கண்ணை மூடி விடையை மட்டும் சொல்லவில்லை. டோஸ்டரில் அறுநூற்று அறுபது வாட்ஸ் என்று போட்டிருந்தால், அது தின்னுகிற மின்சாரம் என்று தொடங்கினாள். அதை வோல்டேஜால் வகுத்தால் ஓடுகிற கரண்ட், மூன்று ஆம்பியர். வோல்டேஜை அந்த மூன்றால் வகுத்தால் உள்ளே இருக்கிற கம்பி எவ்வளவு தடுக்கிறது என்பது, எழுபத்து மூன்று ஓம் சொச்சம். ஒவ்வொரு படியிலும் நின்றாள். அப்பா தலையசைத்த பிறகே அடுத்ததற்குப் போனாள். ஓரிடத்தில் அவர் தலையசைக்கவில்லை. பவர் கூடினால் ரெசிஸ்டன்ஸும் கூடத்தானே வேண்டும் என்று கேட்டார். அக்கா இஸ்திரிப் பெட்டியையும் டோஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பவர் அதிகமுள்ள பெட்டிக்கு நாற்பத்து நான்கு, குறைந்த டோஸ்டருக்கு எழுபத்து மூன்று. தடுப்பு குறைந்தால்தான் கரண்ட் அதிகம் ஓடும், வீட்டில் வோல்டேஜ் மாறுவதில்லை என்றாள். அப்பா இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "ஓஹோ" என்றார். கேள்வி கேட்கிறவர் ஏன் ஓஹோ என்கிறார் என்று நான் யோசிக்கவில்லை.

இவ்வளவு மெதுவாகப் போனால் பரீட்சையில் மணியடித்துவிடும் என்பது மட்டும் என் கவலை.

ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டே, அக்கா பக்கம் பார்க்காமல், அம்மாவிடம் சொன்னார்: "அவ சயன்ஸே எடுக்கட்டும்."

பரீட்சையே இன்னும் எழுதவில்லையே என்று நான் நியாயம் கேட்டேன். பேசாமல் சாப்பிடு என்றாள் அம்மா. அக்கா குனிந்து தட்டில் இல்லாத எதையோ பிசைந்துகொண்டிருந்தாள்.

அவள் அப்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னது யாருக்காக என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அந்த அறையில் கணக்குத் தெரியாத ஆள் நான் ஒருத்திதானே. படுக்கையில் அவள் பக்கம் திரும்பி, பெரிய மனதுடன் சொன்னேன்.

"நாளைக்குப் பரீட்சையில எனக்குச் சொல்ற மாதிரி எழுதிண்டு இருக்காதே. டயம் போயிடும்."

"சரி, உனக்குச் சொல்லலை" என்றாள் அக்கா.