வசந்தகுமாரி போட்ட மார்க்

திருமுல்லைவாயில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த அடுக்குமாடியில், சீரியல் நடிகர் நடிகைகளின் மானம் மரியாதையெல்லாம் வசந்தகுமாரியின் கையில்தான் இருந்தது. சம்பளம் கொடுப்பது யாரோ, மார்க் போடுவது இவள். விளம்பரம் வந்ததும் போனை எடுத்து, குடியிருப்புப் பெண்களின் வாட்ஸப் குழுவுக்கு வாய்ஸ் அனுப்பிவிடுவாள்.

"அய்வுறாளாம்! கண்ணுல தண்ணி கொட்டுது, மூக்கு மட்டும் காய்ஞ்சி கீது. மூக்கு ஒழுவாம எவடி அய்வா? மூணு மார்க்."

கெமிஸ்ட்ரி என்ற சொல்லை அவள் பிடித்தது டிவி நடனப் போட்டி நடுவர்களிடமிருந்து. பள்ளிக்கூடத்தில் அதே பாடத்தில் கோட்டை விட்டவள் என்பது வேறு விஷயம். திரையில் கதாநாயகனும் நாயகியும் கட்டிப்பிடித்து, கேமரா மூச்சிரைக்க அவர்களைச் சுற்றி வந்தாலும் இவள் மசிய மாட்டாள்.

"கட்டிப் புட்ச்சா கெமிஸ்ட்ரியா? காலைல ஆவடி லோக்கல்ல ஏறிப் பாரு, மொத்தப் பொட்டியும் கட்டிப் புட்ச்சிகினுதான் நிக்குது," என்பாள் பக்கத்து வீட்டு சபீனாவிடம். "கண்ண நம்பாத சபீனா. கண்ணு துட்டு வாங்கிகினு நடிக்கும். கையப் பாரு. கைக்குப் பொய் சொல்லத் தெரியாது."

சபீனா தலையாட்டிக்கொண்டே காபியை வடிகட்டிக் கொடுப்பாள். காபியில் பாலாடை துளி கண்டாலும் வசந்தகுமாரிக்குக் குமட்டிவிடும்.

இவ்வளவு பெரிய விமர்சகிக்கு வாய்த்த கணவர் கஜபதி. ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. காலமெல்லாம் இரும்போடு பழகி முகமும் இரும்பாகிவிட்டது என்பது வசந்தகுமாரியின் கட்சி. கல்யாண ஆல்பத்திலேயே மனுஷன் ரேஷன் கார்டுக்குப் படம் எடுக்க வந்தவர்போல நிற்பார். "எங்க ஜோடிக்கு நானே சைபர்தான் போடுவேன்," என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். கஜபதி அதையும் அதே முகத்தோடு கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரே மகள் பவ்யாவுக்கு அம்பத்தூர் ஐடி கம்பெனியில் வேலை. மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்ததும் நடுவர் நாற்காலியில் வசந்தகுமாரியே ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அந்த வீட்டில் மேல்முறையீடு கிடையாது. முதலில் வந்தவன் தன் அம்மா சிரித்த பிறகுதான் சிரித்தான். "டப்பிங் லேட்டா வருது," என்று தள்ளிவிட்டாள். அடுத்தவன் அடக்கமாகத்தான் இருந்தான், ஆனால் சுவர்க் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே அடக்கமாக இருந்தான். அவனும் போனான். பிறகு தரகர் கொண்டுவந்தது குமணன்சாவடி கிஷோரின் ஜாதகம். போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கஜபதி, "யாரு இந்தப் பையன்?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கிஷோர் தன் அம்மா கலைவாணியோடும் மாமா சிவராமனோடும் வந்தான். வசந்தகுமாரி சமையலறை வாசலில் நின்று பையனையும் பெண்ணையும் அளந்தாள். பவ்யா காபித் தட்டை நீட்டினாள். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே டம்ளரை எடுத்தான். தனியாகப் பேசட்டும் என்று பால்கனிக்கு அனுப்பினார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தார்கள்.

"எந்த காலேஜ்னு கேட்டேன். சொன்னாங்க," என்றாள் பவ்யா.

"பேங்க் க்யூல நிக்கிறவங்ககூட இத விட ஆசையா பாத்துப்பாங்க," என்று பஜ்ஜி போட வந்திருந்த சபீனாவின் காதைக் கடித்தாள் வசந்தகுமாரி. "சைபர். ரெண்டும் ஒரே ஊட்ல இருந்தா ஃபிரிட்ஜே தேவயில்ல."

கூடத்துக்கு வந்து தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நாங்க கலந்து பேசிட்டு போன் பண்றோம்." அந்தப் போன் வரவே வராது என்பது தமிழ்நாட்டில் பெண் பார்க்கப் போன அத்தனை பேருக்கும் தெரியும். பவ்யாவின் முகம் வெளுத்தது. கலைவாணி பதறி, பேச்சை மாற்றுகிறவள்போல ஒரு மிளகாய் பஜ்ஜியை எடுத்துப் பவ்யாவின் கையில் வைத்தாள்.

"நீ ஒண்ணுமே சாப்பிடலியேம்மா."

பவ்யா மாவை மட்டும் பிய்த்துத் தின்றாள். உள்ளேயிருந்த மிளகாயைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பக்கவாட்டில் நீட்டினாள். சிவராமன் மாமா சொன்ன பாரிவாக்கம் மனை விலைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்த கிஷோர், அவனும் திரும்பாமல், கையை நீட்டி வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். தினமும் மதியம் ஆபீஸ் வளாகக் கேன்டீனில் ஒன்றாகச் சாப்பிட்டுப் பழகிப் பழகித் தேய்ந்துபோன காரியம். செய்தது செய்தவர்களுக்கே தெரியவில்லை.

வசந்தகுமாரி பார்த்துவிட்டாள்.

"எத்தினி வருசமா?" என்றாள்.

"என்னம்மா?"

"மொளகா கைமாறுது பாரு, அது எத்தினி வருசமா நடக்குது?"

கிஷோருக்குக் காரம் அப்போதுதான் உறைத்தது. "மூணு வருசம் அத்தை," என்று இருமலோடு உளறினான். கலைவாணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது!

"என்னாண்ட சொல்றதுக்கு இன்னாடி?" என்றாள் வசந்தகுமாரி. "நான் இன்னா வேணான்னா சொல்லிருப்பேன்?"

"வேணான்னு சொல்லமாட்டம்மா. மார்க் போடுவ," என்றாள் பவ்யா. "அவன் எனக்கு போன் பண்ணா, பேசி முடிச்சதும் நாலு மார்க்னு குரூப்ல வாய்ஸ் போடுவ. அந்த பயம்தான்."

வசந்தகுமாரிக்குச் சுருக்கென்று தைத்தது. பெற்ற மகளே தன் வாய்க்குப் பயந்து மூன்று வருடம் ஒளிந்திருக்கிறாள். இல்லை என்று அடித்துப் பேச வாயெடுத்தாள். நிச்சயம் போட்டிருப்போம் என்று அவளுக்கே தெரிந்ததால் வாயை மூடிக்கொண்டாள். அந்தக் குடியிருப்பில் அது ஒரு சாதனை.

சட்டென்று கஜபதி பக்கம் திரும்பினாள். அவர் நிதானமாக வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

"உனுக்கும் தெரியுமாய்யா?"

"தரகராண்ட ஜாதகத்த குட்த்ததே நான்தான்," என்றார் அதே முகத்தோடு.

யாரு இந்தப் பையன் என்று கேட்ட மனுஷன்! ஒரு நரம்பு ஆடவில்லையே! வசந்தகுமாரி தொப்பென்று உட்கார்ந்தாள். வீட்டுக்குள்ளேயே இப்படி ஒரு நடிகனை வைத்துக்கொண்டு ஊர் நடிகர்களுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்த வெட்கம் ஒருபுறம், கெக்கெக்கென்று பொங்கிய சிரிப்பு மறுபுறம். கடைசியில் சிரிப்புதான் ஜெயித்தது. "இந்த ஜோடி பாஸு. சம்பந்தி, தேதி பாருங்க," என்றாள். பவ்யா ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், மூக்கு ஒழுக.

எல்லோருக்கும் சபீனா மறுபடி காபி போட்டாள். கூட்டத்தில் வடிகட்ட மறந்துவிட்டாள். வசந்தகுமாரி டம்ளரைப் பார்த்து முகம் சுளிப்பதற்குள் கஜபதியின் கை வந்தது. டிவியைப் பார்த்தபடியே, ஸ்பூனால் ஆடையை வழித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

வீட்டில் தான் ஒரு நாளும் காபி வடிகட்டியதில்லை என்பதும், ஒரு நாளும் ஆடையைப் பார்த்ததில்லை என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியது.

"அந்த மூஞ்சிலயும் கொஞ்சம் காட்டிருக்கக் கூடாதாய்யா?"

"காட்டிருந்தா," என்றார் கஜபதி, "அதுக்கும் மார்க் போட்ருப்ப."