பொம்மைக் கால் வைத்த பைப்

எனக்குச் சிகரெட் பழக்கம்கூடக் கிடையாது. ஆனாலும் ஆந்திரா புத்தூரில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, மோட்டார் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் பலகை போட்டு, புகையிலை பைப்புகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். சென்னையில் பழைய சாமான் விற்கிற ஒருவர் கழித்துப்போட்ட பைப்புகளை எனக்காக எடுத்து வைப்பார். ஏதோ வெளிநாட்டுப் புதரின் வேர்க்கட்டையில் கடைந்தவை. வேர் வளரும்போதே மண்ணையும் கல்லையும் விழுங்கிக்கொள்ளுமாம். கடைந்து முடிக்கும் நேரத்தில் பொத்தல் வெளியே வரும், கம்பெனிக்காரன் தூக்கி எறிந்துவிடுவான். என்னையும் இரண்டு கம்பெனிகள் அப்படித்தான் அனுப்பிவைத்தன. அதனால் எங்களுக்குள் ஒரு ஒட்டுதல்.

“ஊதறவனே உட்டுட்டான், நீ இன்னாத்துக்குத் தேய்ச்சிக்கினு கெடக்கற?” என்பாள் வீட்டுக்காரி. நான் அடுத்த பைப்பை எடுத்துத் தேய்ப்பேன்.

பிறகு பதில் ஒன்று கிடைத்தது. சென்னைக் கடைக்காரர் சொல்லி, திருப்பதியில் ரிடையரான காலேஜ் வாத்தியார் ஒருவர் போன் செய்தார். டாக்டர் புகையிலையை நிறுத்தச் சொல்லிவிட்டார், மகள் பைப்புகளையே குப்பையில் போட்டுவிட்டாள், குறுக்கெழுத்து போடும்போது கடித்துக்கொள்ளக் காலி பைப்பாவது வேண்டும் என்றார். நான் பிழைக்கவைத்த பைப்பை ஒரு மனுஷன் கேட்டது அதுதான் முதல் தடவை. பொத்தல் இருந்ததே தெரியக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

என் மகள் சின்ன வயதில் விளையாடிய திருப்பதி மரப்பாச்சி ஒன்று கால் உடைந்து கிடந்தது. செம்மரம். உடைந்த காலை அரத்தால் ராவி, தூளைப் பசையில் குழைத்துப் பொத்தலை அடைத்தேன். கெட்டியாகப் பிடித்தது, ஆனால் சிவப்புப் புள்ளியாகத் தெரிந்தது. புள்ளியை மறைக்க, நகரித் தறிக்காரர் ஒருவரிடம் நூலுக்குப் போடும் சாயம் வாங்கிப் பைப் முழுக்கப் பூசி, மேலே மெழுகு தேய்த்தேன். பதினோரு நாள் வேலை. முடித்துப் பார்த்தால் கையில் அசல் செம்மரக்கட்டை மாதிரி ஒன்று பளபளக்கிறது.

அதன் அர்த்தம், வாத்தியாரிடம் கொடுக்கப் போன பஸ்ஸில்தான் உறைத்தது. வடமாலபேட்டை தாண்டி வண்டியை நிறுத்தி, காட்டிலாகா கார்டுகள் இருவர் ஏறினார்கள். இந்தப் பக்கம் அவர்கள் தேடுவது கடத்தல் செம்மரம், பிடிப்பது அதை வெட்ட வரும் தமிழ்க் கூலிகளை. நானோ தமிழ் பேசுகிற ஆம்பளை, மடியில் இருந்த பையில் சிவப்புக் கட்டை. ஜாமீனுக்கு யாரைக் கூப்பிடலாம் என்று மூளை லிஸ்ட் போட ஆரம்பித்தது. லிஸ்டில் மைத்துனன் பெயர் வந்ததும் ஜெயிலே தேவலை என்று தோன்றியது.

சத்தியமாக என்னை யாரும் பார்க்கவில்லை. சும்மா இருந்திருக்கலாம். ஒளித்தால்தானே சந்தேகம் என்று கணக்குப் போட்டு, பையிலிருந்து பைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“சார், வண்டில பொகை கூடாது” என்றார் கண்டக்டர்.

மீசைக்கார கார்டு வந்து குனிந்தார். “ஏமி கட்டெ இதி?”

என்ன மரம் என்று கேட்கிறார். எனக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. அன்றைக்குப் பார்த்து ஒரு வார்த்தை வரவில்லை. “வேருங்க, ஃபாரின் வேரு” என்றேன்.

“தமிழா?”

பயம் போன வழியில் எங்கிருந்தோ வீம்பு வந்தது. “ஆமா, தமிழ்தான். நாலு தலைமுறையா இந்த ஜில்லாத் தமிழ்.”

அவர் பேனாக்கத்தியை எடுத்தார், சுரண்டிப் பார்க்க.

“சுரண்டக்கூடாது” என்றது என் வாய். “தண்ணியில போடுங்க. செம்மரம்னா முழுகிடும்.”

அது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சோதனை. கண்டக்டர் ஐந்து நிமிடம் கொடுக்க, இறங்கி டீக்கடைக்குப் போனோம். கிளாஸ் கழுவுகிற சுடுதண்ணீர் பக்கெட். வாய்க்குழலைக் கழற்றிவிட்டு, புகையிலை அடைக்கிற மரக் கிண்ணத்தை மட்டும் போட்டேன். மிதந்தது. எனக்கு மூச்சு வந்தது. அடுத்த நிமிடம் தண்ணீர் ரத்தமாகச் சிவந்தது.

“என் பக்கெட்டு போச்சு நைனா” என்றார் கடைக்காரர்.

கார்டு கிண்ணத்தை எடுத்தார். சாயமெல்லாம் கழன்று, வெளிறின மரம். நடுவில் பச்சைப்பயறு அளவுக்கு ஒரே ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதை விரலால் தொட்டு, “இது?” என்றார்.

பெயிண்ட் என்று சொல்லியிருக்கலாம். பதினோரு நாள் மறைத்ததே போதும் என்று இருந்தது.

“அது செம்மரந்தான். பொம்மைக் காலு. கேஸ் எழுதணும்னா எழுதிக்கங்க.”

அவர் புள்ளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூட வந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு முகம் மாறாமல், “எடம காலா, குடி காலா?” என்றார். இடதா, வலதா என்று விசாரணை.

“இடது” என்றேன். பைப் என் கைக்கு வந்தது.

திருப்பதியில் இறங்கினதும், அப்படியே திரும்பிப் போய் இன்னொரு பூச்சு போடலாமா என்று ஒரு யோசனை. போடவில்லை. ஈரம் காயாத பைப்போடு வாத்தியார் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு புரட்டிப் பார்த்தார். “இங்க ஏதோ பொத்தல் இருந்த மாதிரி இருக்கே?”

“இருந்துச்சு சார். அடைச்சிருக்கேன், மறைக்கல. பிடிக்கலன்னா நானே கடிச்சிக்கிறேன்.”

அவர் திருப்பித் தரவில்லை. பைப்பைப் பல்லில் கவ்வி, கட்டைவிரலைச் சரியாக அந்தப் புள்ளிமேல் வைத்துக்கொண்டு, குறுக்கெழுத்துப் பக்கத்தை என் பக்கம் தள்ளினார்.