இடது ஓரம் மட்டும் மங்கல்

எங்கள் தெருவில் போட்டோ பிடிப்பவருக்கு ஒரு கண் தெரியாது என்ற செய்தி, முடி வெட்டும் கடையில் வைத்து என் காதுக்கு வந்தது. கழுத்தில் துணியைச் சுற்றி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருக்கும்போது எதையும் மறுத்துப் பேச முடியாது. கேட்டுக்கொள்ளத்தான் முடியும்.

"இடது கண்ணு சுத்தமா போச்சு சார்," என்றார் முடி வெட்டுபவர். "தினமும் காலைல கடையைத் திறந்ததும் வாசல்ல நின்னு ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டு இந்தப் பக்கம் பார்ப்பாரு. அப்புறம் அடுத்த கண்ணு. நாலு மாசம் நடந்துச்சு. முதல்ல எனக்குத்தான் கண்ணடிக்கிறாருன்னு நினைச்சேன்."

"உங்களுக்கா?"

"ஏன், எனக்கென்ன குறைச்சல்?"

அவர் நாலு மாதம் பார்த்தது உண்மை. ஆனால் பார்த்ததிலிருந்து ஊகித்தது உண்மையா என்று தெரியவில்லை. தலையைத் தட்டிவிட்டுக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

எதிர் வரிசையில் இருக்கும் அந்த ஸ்டுடியோக்காரரை எல்லோரும் 'சிரிக்காதீங்க' என்றுதான் குறிப்பிடுவார்கள். பாஸ்போர்ட், அடையாள அட்டை, விண்ணப்பப் படிவம் இவற்றுக்கான படங்கள்தான் அவர் பிழைப்பு. வருபவரை ஸ்டூலில் உட்கார வைப்பார், மோவாயை ஒரு விரலால் நிமிர்த்துவார், "சிரிக்காதீங்க" என்பார். இருபத்தாறு வருடம் இந்த ஒரு சொல்லை வைத்தே இரண்டு பெண்களைப் படிக்க வைத்து, வீட்டுக்கு மாடியும் எடுத்துவிட்டார். நாங்களெல்லாம் எத்தனையோ சொல் எழுதி என்ன கண்டோம்?

என் நூலக அட்டை காலாவதியாகியிருந்தது, வசதியாகப் போயிற்று. உட்கார்ந்தேன். அவர் விரல் முதல் முயற்சியிலேயே என் மோவாய்க்கு வந்தது. ஒரு கண் இல்லாதவருக்குத் தூரம் பிடிபடாது என்று எங்கோ படித்திருக்கிறேன். ஆகவே வதந்தி பொய். அல்லது பழக்கம். குழம்பிப்போய் நேராகவே கேட்டுவிட்டேன்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றார். "போன மாசம் வரைக்கும் எனக்கே அது தெரியாது."

அவர் சொன்ன கதை இது.

ஆறு மாதத்துக்கு முன் அவருடைய பழைய லென்ஸின் வளையம் இறுகிப்போய்த் திரும்ப மறுத்தது. புதிது வாங்கப் போனார். கடைக்காரர் விலையைச் சொல்லிவிட்டு, உட்காருகிறீர்களா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாராம். வீடு திரும்பி, பழைய பொருள்களை விற்கும் இணையதளத்தில் தேடினார். அங்கே விற்பனைக்கு வரும் பொருள்களின் வாழ்க்கை வரலாறு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஒரே கையில் இருந்தது, அலமாரியை விட்டு இறங்காதது, அவசரமாக விற்கப்படுவது. அலமாரியில் சும்மா தூங்கிய பொருளுக்கு அப்படி என்ன அவசரம் என்று எவரும் கேட்பதில்லை. இவரும் கேட்கவில்லை. இரண்டு நாள் பேரம் பேசி, ஐந்தில் ஒரு பங்கு குறைத்து, வெற்றி வீரராக வாங்கினார்.

லென்ஸ் வந்தது. மேலே ஒரு கீறல் இல்லை. மனைவியை ஸ்டூலில் உட்கார வைத்துச் சோதித்தார். வெள்ளைச் சுவருக்கு முன்னால், சட்டத்தின் நட்ட நடுவில் ஒரு முகம். அவருக்குத் தெரிந்த ஒரே படம் அதுதான். இமை முடியை எண்ணலாம் போல இருந்தது. முகத்துக்கு இரு பக்கமும் வெறும் சுவர். மங்கலான வெள்ளைச் சுவருக்கும் தெளிவான வெள்ளைச் சுவருக்கும் என்ன வித்தியாசம்? வேறு வேலை பார்க்கும் எந்தப் போட்டோக்காரராக இருந்தாலும் ஒரு கட்டடத்தையோ மரத்தையோ எடுத்துப் பார்த்து அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார்.

மூன்றாம் வாரம் ஒரு காவல் நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். சீருடையோடு, முழு உயரத்தில், படத்துக்கு இரண்டு பேர். கணினித் திரையில் போட்டுப் பார்த்தால் இடது பக்கம் நின்றவர் புகைக்குள் நிற்கிற மாதிரி இருந்தார். ஆள் அசைந்திருப்பான் என்று விட்டுவிட்டார். அடுத்த படத்திலும் இடது ஆள் அப்படியே. அசையாமல் நிற்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவர்கள் அத்தனை பேரும் இடது பக்கம் வந்ததும் மட்டும் அசைவார்களா? திரையைத் துடைத்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். மங்கல் போகவில்லை.

கண்ணை வைத்துப் பிழைக்கிறவருக்குச் சந்தேகம் முதலில் கண்மேல்தான் வந்தது. லென்ஸ்மேல் வரவில்லை. அதைச் சந்தேகப்பட்டால் தன் பேரத்தையும் அல்லவா சந்தேகப்பட வேண்டியிருக்கும்.

அன்றிலிருந்துதான் காலைச் சோதனை. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்க்கடைப் பலகையைப் படிப்பார்: 'ஆண்களுக்கான நவீன முடி அலங்காரம், குளிர்சாதன வசதி உண்டு.' தெளிவாகப் படிக்க முடிந்தது. இடதைப் பொத்திப் படிப்பார். அதுவும் முடிந்தது. பதினைந்து வருடமாகப் பார்க்கும் பலகை, இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டாலும் படித்திருப்பார் என்பது அவருக்கு மூன்றாவது மாதம்தான் உறைத்தது.

கண் டாக்டரிடம் போனார். அந்த அம்மா எழுத்து அட்டையைக் காட்டினார், விளக்கு அடித்துப் பார்த்தார், ரெண்டு கண்ணும் நன்றாக இருக்கிறது என்றார்.

"இடது பக்கம் மங்கலா தெரியுது டாக்டர்."

"இப்ப என்னைப் பார்த்தாலும் அப்படித் தெரியுதா?"

"உங்களைப் பார்த்தா இல்லை. போட்டோவைப் பார்த்தாத்தான்."

"அப்ப கொஞ்ச நாள் போட்டோவைப் பார்க்காதீங்க."

வெளியே பதினேழு பேர் காத்திருந்தார்கள். கிட்டத்தில் படிக்க ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடி எழுதிக் கொடுத்து அனுப்பினார். அதைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தபோது மங்கல் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தது. டாக்டருக்கே பிடிபடாத வியாதி என்று முடிவு கட்டினார். கண் முழுதாகப் போவதற்குள் கடையை யாருக்காவது விட்டுவிடலாமா என்று பக்கத்துத் தையல்காரரிடம் பேச்சு வாக்கில் விசாரித்தார். மனைவியிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

இந்த நிலையில்தான் ஒரு வங்கிக் கிளையில் மேலாளர் ஓய்வு பெற்றார். அவரோடு எல்லோரும் நிற்கும் குழுப்படம் இவர் கைக்கு வந்தது: இருபத்திரண்டு பேர், இரண்டு வரிசை, பெரிய அளவில் பிரிண்ட். கடையின் பின்பக்கம் படம் வெட்டும் மேசையில் ஒரு பக்கம் அவரும் எதிர்ப்பக்கம் மனைவியும் உட்கார்வது வழக்கம். அந்தம்மா கட்டைவிரல் அளவுப் படங்களையே வெட்டி வெட்டி உறையில் போடுகிறவர். இவ்வளவு பெரிய படம் கைக்கு வந்து வருடக்கணக்காகிறது. அதனால் உற்றுப் பார்த்தார்.

"என்னங்க, வலது பக்கம் ஒரே மங்கலா இருக்கு."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வலதா? இடது."

"வலதுதாங்க."

"நல்லாப் பாரு. இடது பக்கம்."

"இவ்வளவு நாளா வெட்டுறேன், எனக்கு வலது இடது தெரியாதா?"

"இவளுக்கும் கண்ணு போச்சு, அதுவும் வலது கண்ணுன்னு நினைச்சேன் சார்," என்றார் என்னிடம். "ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கும், ஆளுக்கொரு பக்கம். தொத்து வியாதியா இருக்குமோன்னு பொண்ணுங்களைப் பத்திக் கவலையே வந்துடுச்சு."

மனைவிதான் வழி சொன்னார். "எந்த ஆளைச் சொல்றீங்க? விரலை வைங்க."

இருவரும் விரலை வைத்தார்கள். இரண்டு விரலும் ஓரத்தில் நின்ற வங்கிக் காசாளரின் முகத்திலேயே போய் முட்டிக்கொண்டன. ஸ்டுடியோக்காரர் அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு படத்தை மெல்ல மனைவி பக்கமாகத் திருப்பினார். காசாளர் தலைகீழாக வலது பக்கம் வந்தார். மங்கலும் அவரோடு வந்தது.

"அது அந்த ஆளோட போகுது," என்றார். "என் கண்ணோட நிக்கலை."

"அப்ப உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்லை."

"என் கண்ணைப் பத்தி உனக்கு யாரு சொன்னது?"

"தெருவே சொல்லுது. நீங்கதான் சொல்லலை."

அந்தம்மா எழுந்து போய் லென்ஸை எடுத்துவந்து கைபேசி விளக்கை அதன் பின்னால் பிடித்தார். நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை. சாய்த்துப் பார்த்தபோது உள்ளே ஒரு வட்டக் கண்ணாடியின் ஓரத்தில் வெள்ளி மாதிரி ஏதோ மின்னியது.

கடைத்தெருக் கோடியில் கேமரா பழுது பார்ப்பவரை 'திருகாணி' என்பார்கள். அவர் லென்ஸைக் கழற்றி, உள்ளிருந்து ஒரு பொடித் துண்டை இடுக்கியால் எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தார். மாத்திரை அட்டையின் பின்பக்கத் தகடு, நான்காக மடித்தது.

"இது எப்பவோ கீழ விழுந்த லென்ஸ். உள்ள கண்ணாடி சாய்ஞ்சிருக்கு. நிமிர்த்தத் தெரியாம எவனோ முட்டுக் கொடுத்திருக்கான். வெளில கறுப்புச் சாயம் பூசி அடிபட்ட இடத்தை மூடியிருக்கான். பூசினவன் கெட்டிக்காரன், முட்டுக் கொடுத்தவன் மடையன். ரெண்டும் ஒரே ஆளான்னு எனக்குத் தெரியாது."

"என்ன மாத்திரை அது?"

"பேரு இருக்கற பக்கம் கிழிஞ்சிருக்கு. உங்களுக்கு எதுக்கு, சாப்பிடப் போறீங்களா?"

இரண்டு நாளில் சரியாகிவிட்டது. மேலாளர் அதற்குள் ஊர் மாறிப் போயிருந்ததால் குழுப்படத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. காசாளரை மட்டும் ஸ்டூலில் உட்கார வைத்து எடுத்து, தலையைப் பழைய படத்தில் ஒட்டினார். அந்தப் படம் வங்கியில் மாட்டியிருக்கிறது. இருபத்தோரு பேர் சிரிக்கிறார்கள். காசாளர் மட்டும் விசாரணைக்குக் கூப்பிட்டவர் மாதிரி நிற்கிறார்.

விற்றவரை விடக்கூடாது என்று ஸ்டுடியோக்காரர் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு தொலைபேசியில் கூப்பிட்டார். மொத்தம் நான்கு. முதல் கேள்வி: "இதை ஏன் வித்தீங்க?"

"கண்ணு சார்," என்றது அந்தக் குரல். "கல்யாணத்துக்கெல்லாம் போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தேன். இதை வாங்கின கொஞ்ச நாள்ல ஓரத்துல மங்கலா தெரிய ஆரம்பிச்சுது. டாக்டருங்க ஒண்ணுமில்லைன்னுதான் சொல்றாங்க. எனக்குத் தெரியாதா? சரி, எதுக்கு இனிமேன்னு தொழிலையே விட்டுட்டேன். இப்ப ஒரு கிடங்குல பெட்டி எண்ணுறேன். ஏன் சார், லென்ஸ் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கு," என்று சொல்லி வைத்துவிட்டார். மீதி மூன்று கேள்வி தாளிலேயே இருக்கிறது.

"ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"நிஜமான்னு தெரியலையே சார். இப்படி ஒரு கதையைத் தயார் பண்ணி வெச்சுக்கிட்டு, கூப்பிடறவன் எல்லாருக்கும் சொல்றானோ என்னவோ. திருகாணி அது பச்சைப் பொய்ங்கிறார். இவ நிஜம்ங்கிறா."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"காலைல பொய்யாத் தோணும். மத்தியானம் நிஜமாத் தோணும்."

ஒரு மத்தியானத்தில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு திரும்பக் கூப்பிட்டார். அந்த ஆள் எடுத்து "சொல்லுங்க சார்" என்றதும், சொல்ல வந்ததை விட்டுவிட்டு, லென்ஸின் பின்மூடி வரவே இல்லையே என்று கேட்டார். விற்றவர் மன்னிப்புக் கேட்டார், தேடி அனுப்புவதாகச் சொன்னார். நான்காம் நாள் கூரியரில் வந்தது.

மேசை அறையிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்துவந்து எனக்குக் காட்டினார் மனைவி. மூடி இருந்தது ஒரு காலி கண் சொட்டு மருந்து அட்டைப் பெட்டிக்குள். மருந்துக்கடை ஒட்டிய சீட்டு அதன்மேல் அப்படியே இருந்தது: இரு கண்களிலும், மூன்று வேளை. தேதி, போன வாரம்.

"இதுக்கு மேல என்ன சாட்சி வேணுமாம்?" என்றார் அந்தம்மா என்னிடம்.

ஸ்டுடியோக்காரர் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்பச் சொன்னா, லென்ஸைத் திருப்பிக் கொடுன்னு கேட்டா என்ன பண்றது? இல்லை, இத்தனை நாளா ஏன் சொல்லலைன்னு கேட்டா?"

"ரெண்டையும் கேட்கலைன்னா?" என்றேன்.

"அப்பத்தான் சார் இன்னும் கஷ்டம்." பெட்டியை மேசைமேல் வைத்தார். "கூரியர் காசை அன்னைக்கே அனுப்பிட்டேன்."

"நான் கேட்டது அதை இல்லை."

"தெரியுது. மூணு வேளையும் போட்டுக்கிட்டு இருக்கான் பாவம். இன்னைக்குச் சாயங்காலம் பேசிடறேன்."

அது செவ்வாய்க்கிழமை. இன்று சனி. என் நூலக அட்டைப் படத்தை வாங்கப் போனபோது அவர் உள்ளே யாரையோ படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவர் உறையை நீட்டிக்கொண்டே, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.