மல்லாட்டை இன்ஜினும் மாமாவின் மீசையும்

என் மாமாவுக்குச் சொத்து என்று இருந்தவை இரண்டு. ஒன்று, செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டோரமாக அவர் வைத்திருந்த தகர ஷெட். ஆயில் இன்ஜின், டிராக்டர், மோட்டார் பம்ப் எல்லாம் அங்கேதான் பழுது பார்ப்பார். இன்னொன்று அவருடைய மீசை. ஷெட்டைத் தோன்றினால் பெருக்குவார். மீசைக்கு மட்டும் தினமும் இரண்டு வேளை சீப்பு உண்டு.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தன் தம்பியான மாமாவைச் சாப்பிடக் கூப்பிட்டு வரும்படி அம்மா என்னை அனுப்பினாள். ஷெட்டில் அவர் இல்லை. அடுத்திருந்த லாட்ஜ் வாசலில் கூட்டம். நடுவில் ஒரு சிவப்புக் கார் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. அவ்வளவு தாழ்வான காரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அதன் மூக்கு என் இடுப்பைத் தாண்டவில்லை.

காரின் சொந்தக்காரர் முப்பது வயதைக் கடந்த ஒரு பெண். கோட்டை பார்க்க வந்து லாட்ஜில் தங்கியவர். காலையில் பால் வண்டிக்கு வழிவிடக் காரைக் கிளப்பி, பத்தடி நகர்த்தி, உடனே அணைத்திருக்கிறார். பிறகு அது கிளம்பவே இல்லை. அவர் கேட்டது ஒரு பிளக் ஸ்பேனர் மட்டும்தான். லாட்ஜ்காரர் ஸ்பேனரோடு மாமாவையும் அழைத்து வந்துவிட்டார்.

"அண்ணா, நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றார் அந்தப் பெண்.

"நீங்க டென்ஷன் ஆவாதீங்க மேடம். நிழல்ல போயி நில்லுங்க" என்ற மாமா, கூட்டத்தைப் பார்த்து மீசையை முறுக்கினார். "இன்ஜின்னு ஒண்ணு இருந்தா அது என் பேச்சைக் கேக்கும். இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள இது கிளம்பலேன்னா மீசையை எடுத்துடுறேன்."

கூட்டம் கை தட்டியது. சாப்பாட்டு விஷயத்தை நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. என்னையும் வேப்பமர நிழலுக்கு விரட்டினார்கள்.

அங்கே அந்த மேடம் ஒரு பொட்டலம் அவித்த வேர்க்கடலையோடு நின்றிருந்தார். எங்கள் ஊரில் அதற்கு மல்லாட்டை என்று பெயர். அந்தப் பெயரை நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். பதிலுக்கு அவர் ஒரு மல்லாட்டையைப் பிளந்து, வெறும் ஓட்டைக் காட்டினார்.

"இடுப்பு ஒடுங்கியிருக்கு பார், இந்த மாதிரி ஓடுதான் இந்த இன்ஜின். உள்ள முக்கோணமா ஒரு ரோட்டார் சுத்தும். அதோட மூணு முனையும் சுவரைத் தொட்டுக்கிட்டே போகும். ஒரு பக்கம் பெட்ரோலை இழுக்கும், ஒரு பக்கம் அமுக்கி வெடிக்கும், இன்னொரு பக்கம் புகையைத் தள்ளும். மேலயும் கீழயும் குதிக்கிற பிஸ்டனே கிடையாது. அதனாலதான் இன்ஜின் இத்துனூண்டு. இன்ஜின் சின்னதுங்கிறதாலதான் காரோட மூக்கை இவ்வளவு கீழ இறக்க முடிஞ்சது."

"அப்புறம் ஏன் கிளம்பல?"

"சூடாகறதுக்குள்ள அணைச்சிட்டேன். பெட்ரோலை அளவுக்கு மேல குடிச்சிடுச்சு. சுவர்ல இருந்த எண்ணெய்ப் பசையெல்லாம் கழுவிப்போச்சு. முனை சரியா ஒட்டல. உங்க மாமா ஸ்டார்ட் பண்ணிப் பண்ணி இன்னும் ஊத்திக் கொடுக்கறார்."

நான் ஒரே ஓட்டமாக ஓடிக் கூட்டத்துக்குள் புகுந்தேன். "மாமா! அதுல பிஸ்டனே இல்லியாம்! மல்லாட்டைக்குள்ள முக்கோணம் சுத்துதாம்!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. லாட்ஜ்காரர் காதில், "செகண்ட் ஹேண்ட் வண்டி போல இருக்குது. எவனோ பிஸ்டனை உருவிக்கினு வித்துட்டான்" என்றார். அந்தச் செய்தி கூட்டம் முழுக்கப் பரவி, படித்த பெண் இப்படி ஏமாந்துவிட்டாளே என்று எல்லோரும் அவரைப் பரிதாபமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அந்தக் காருக்கு விளக்குகள் மூக்குக்குள் ஒளிந்திருக்கும். ஸ்விட்சைப் போட்டால் தவளைக் கண்போல மேலே எழும்பும். ஊரே அதைப் போட்டுப் போட்டுப் பார்த்ததிலும், மாமா விடாமல் ஸ்டார்ட் செய்ததிலும் பேட்டரி சோர்ந்துபோனது. மதியத்துக்குமேல் ஒரு கண் பாதியில் நின்றுவிட்டது. எதிர் சலூன்காரர் வாசலுக்கு வந்து நின்றார். சும்மா காற்றுக்காக வந்ததாகச் சொன்னார். வெயில் கோட்டை மலையான ராஜகிரிக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியது. மாமா நெற்றியெல்லாம் கிரீஸ். மீசையில்லாத மாமாவோடு நான் எப்படிப் பள்ளிக்கூடம் போவேன்?

அப்போது மேடம் நேராக அவரிடம் வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அண்ணா, நீங்க அப்பவே சொன்னீங்களே, நாலு பிளக்கையும் கழட்டி, பெட்ரோலை வெளியேத்திட்டு, ஒவ்வொரு பிளக் ஓட்டையிலயும் ஒரு ஸ்பூன் ஆயில் விடலாம்னு. நான்தான் சரியா கேக்கல. நீங்க சொன்ன மாதிரியே செஞ்சிடலாமா?"

நான் காலையிலிருந்து அங்கேயேதான் இருந்தேன். "மாமா அப்படிச் சொல்லவே இல்லியே" என்றேன். மேடம் ஒரு பிடி மல்லாட்டையை என் வாயில் திணித்தார்.

மாமா அவரைப் பார்த்தபடி நெற்றி கிரீஸைத் துடைத்துக்கொண்டார். "ஆமா," என்றார் மெதுவாக. "சொன்னேன்."

இன்னும் பெட்ரோல் ஏறாதபடி மேடம் காரின் பெட்ரோல் பம்பு ஃபியூஸை உருவினார். மாமா பிளக்குகளைக் கழற்றினார். பீடியோடு நின்ற இரண்டு பேர் துரத்தப்பட்டார்கள். டிராக்டர் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டுச் சுற்றியதும், ஓட்டைகள் வழியாகப் பெட்ரோல் சீறியது. ஆயில் விட்டு, எல்லாவற்றையும் பழையபடி மாட்டி, மறுபடி சுற்றினார்கள். இன்ஜின் இருமியது. பிறகு வெள்ளையாக ஒரு புகை கிளம்பி, கோட்டை, லாட்ஜ், சலூன்காரர் எல்லாவற்றையும் மறைத்தது. புகைக்குள்ளிருந்து, ஆயில் இன்ஜினைப் போலக் குலுங்காமல், சீராக ஒரு ரீங்காரம் கேட்டது.

மாமாவைத் தோளில் தூக்கினார்கள். இறங்கியதும் அவர் கார் ஜன்னலில் குனிந்து, பக்கத்தில் நின்ற என்னைத் தவிர யாருக்கும் கேட்காமல் விசாரித்தார். "அந்த மல்லாட்டை சமாச்சாரம் நெசமா மேடம்?" மேடம் ஆமென்று தலையாட்டினார். கார் போய்விட்டது.

மறுநாள் காலை மாமாவின் மீசையைக் காணோம்.

"அந்தப் பொண்ணு உன்கிட்ட இன்னாடா சொன்னா?" என்று அம்மா மாமாவைப் பிடித்துக்கொண்டாள். காதல்தான் என்று அவளே தீர்ப்பும் சொல்லிவிட்டாள். ஊரில் கேட்டவர்களிடம் மாமா திருப்பதி வேண்டுதல் என்றார். திருப்பதிக்கு மீசையை மட்டும் யார் கொடுப்பார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான்தான் விடவில்லை. "வண்டிதான் கிளம்பிடுச்சே மாமா?"

"கிளம்பிடுச்சு பாப்பா" என்றார். மேலுதட்டைத் தடவிக்கொண்டு, விசிலடித்தபடி ஷெட்டுக்குப் போய்விட்டார்.

அந்த மேடம் எதற்காக அப்படி ஒரு பொய் சொன்னார், அதில் ஜெயித்த மனுஷன் ஏன் போய்ச் சிரைத்துக்கொண்டார், சிரைத்துக்கொண்டவருக்கு விசில் எங்கிருந்து வந்தது, எதுவும் எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், மீசை இல்லாவிட்டால் மாமா அச்சு அசல் என் அம்மா மாதிரியே இருக்கிறார் என்பதுதான்.