பிரித்த தையல்

போன கிழமை யாழ்ப்பாணத்தில் என் துணிவேலைகளைக் காட்சிக்கு வைத்திருந்தேன். பார்க்க வந்த, கம்பஸில் படிக்கிற பிள்ளை ஒருத்தி, வண்ணத்தால் வரையாமல் ஏன் துணியையே பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று கேட்டாள். வரையத் தெரியாது, அதுதான் என்று சமாளித்தேன். அதில் பாதி உண்மை. நான் வரைந்த மாட்டை நாய் என்று நினைத்தவர்கள் உண்டு. மற்றப் பாதி வாய்வரை வந்து நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தையல்கடையிலிருந்து ஈரத்துணியை அயன் பண்ணும் மணம் வந்ததுதான் காரணம்.

அம்மா அப்படித்தான் தண்ணீர் தெளித்துச் சீலைகளை அயன் பண்ணுவார். குருநகரில் கடல் தொழில் செய்பவரின் மனைவிக்கு ஐந்தாறு நல்ல சீலை இருப்பது பெரிய காரியம். அவற்றில் கிளிப்பச்சைச் சீலை ஒன்று யேசு பிறந்த நத்தார்ப் பூசைக்கு மட்டும் றங்குப்பெட்டியை விட்டு வெளியே வரும். எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது நெருப்புக்காய்ச்சலில் அம்மா இறந்துபோனார். இரவில் கடலுக்குப் போகிற அப்பா, பெண்பிள்ளையைத் தனியே விட ஏலாதென்று என்னைத் தன் தங்கையான மாமி வீட்டில் விட்டார். என்னோடு பெட்டியும் போனது.

மாமிக்கு என் வயதை ஒட்டி இரண்டு பெண்கள். நத்தார் நெருங்கியபோது மாமி பெட்டியைத் திறந்து, சீலைகளைச் சட்டை தைக்க எடுத்துக்கொண்டு, என் கையில் ஒரு சவர பிளேட்டைத் தந்து, அம்மாவின் பிளவுஸ்களைப் பிரிக்கச் சொன்னார். சின்ன விரல், துணி கிழியாது என்று பாராட்டினார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான், அதனால் கவனமாகவே பிரித்தேன். நூலை உருவிய பிறகும் ஊசி போன ஓட்டைகள் வரிசையாக நின்றன. அம்மாவின் தோள் எங்கே வளைந்தது, உடம்பு வைத்தபோது எந்த இடத்தில் இளக்கித் தைத்தார், எல்லாம் அந்த ஓட்டைகளில் தெரிந்தது. வரைந்த கோட்டை அழித்துவிடலாம். துணி அப்படி விடாது.

வியர்வையில் நிறம் போன கக்கத்துத் துண்டுகளை மாமி வெட்டி எறிந்தார். நான் பொறுக்கித் தலையணைக்குள் ஒளித்து, மூக்கை வைத்துப் படுத்தேன். அம்மா அதில் இருந்தார். சில நாளில் மாமி கண்டுபிடித்துவிட்டார்.

“செத்தவளின்ரை வேர்வையை மணந்துகொண்டோ படுக்கிறாய்?”

அடிக்கவில்லை. கரண்ட் இல்லாத காலம் அது. வீட்டிலிருந்த விளக்குச் சிமினிகளையெல்லாம் என் முன்னால் கொண்டுவந்து வைத்து, அந்தத் துண்டுகளாலேயே துடைக்கச் சொன்னார். துடைத்தேன். முடிந்ததும் ஒருமுறை மணந்து பார்த்தேன். மண்ணெண்ணெய்தான்.

நத்தார்ப் பூசைக்கு மச்சாள்மார் இருவரும் கிளிப்பச்சைச் சட்டை போட்டு முன்னால் நடந்தார்கள். நான் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு பின்னால். கோயில் வாசலில் அப்பா நின்றார். அம்மாவின் சீலையை அவருக்காவது அடையாளம் தெரியும் என்று நம்பினேன். அவர் அவர்களின் தலையைத் தடவிவிட்டு மாமியைக் கேட்டார்:

“நல்ல வடிவான துணி. எங்கை வாங்கினது?”

“பெரியகடையில, அண்ணை.”

அப்பா இப்போது இல்லை. மச்சாள்மார் கனடாவில். போன வருடம் மாமி படுக்கையில் விழுந்தபோது பார்க்கப் போனேன். அந்தச் சட்டைகளில் ஒன்றாவது எங்கேயாவது கிடக்குமா என்று மெல்லக் கேட்டேன். நினைவு தப்பிய ஆளில்லை. கஞ்சிக்கு உப்புக் காணாதென்று அன்று காலைதான் பராமரிக்கிற பெண்ணோடு சண்டை பிடித்திருந்தார். என்னை நன்றாக உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“கொம்மாட்டை எங்கையடி சீலை இருந்தது? கட்டின சீலையோடை வந்தவள்தானே.”

மாமியின் செத்தவீடு முடிந்த பிறகு மூத்த மச்சாள் போன் எடுத்தாள். தாயின் சீலைகள் அலுமாரி நிறையக் கிடக்கிறதாம், நான்தானே துணிவேலை செய்கிறேன், எல்லாவற்றையும் எடுக்கட்டாம். போய் அலுமாரியைத் திறந்தேன். பூச்சி உருண்டையும் பவுடரும் வியர்வையுமாக மாமியின் மணம் முகத்தில் அடித்தது.

இப்போதெல்லாம் எவ்வளவு முயன்றாலும் அம்மாவின் மணம் எனக்கு வருவதில்லை. கண்ணை மூடினால் மாமியின் மணம்தான் வருகிறது.