திறந்து பார்க்காத கேக்

முதலில் இடது கைதான் மரத்தது. இரும்பை உருக்கி வார்க்கும் பவுண்டரியில் பம்புசெட்டுக்கான வார்ப்புகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்த சரக்குக்காக ஒரு வாடிக்கையாளர் போனில் கத்திக்கொண்டிருந்தார். நெஞ்சை யாரோ அழுத்திப் பிடித்ததுபோல இருந்தது. சட்டை நனைந்துவிட்டது. நம் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

மருத்துவமனையில் ஈ.சி.ஜி. (இதயத்தின் மின்னோட்டப் பதிவு), எக்கோ (ஒலியலைகளால் இதயத்தைப் படமெடுப்பது), ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. சந்தோஷப்பட வேண்டியவன் கோபப்பட்டேன். ஒன்றுமில்லாததற்கா இத்தனை பாடு?

"உங்க ஹார்ட் நல்லா இருக்குதுங்க. ஆனா உங்களுக்கு வந்த பயம் பொய்யில்லைங்க" என்றார் மருத்துவர். வந்தது பேனிக் அட்டாக் (ஆபத்து இல்லாதபோதும் ஆபத்தென்று உடல் நம்பிப் பதறுவது). வேலை அழுத்தத்தை நெடுநாள் உள்ளேயே அடக்கிவைத்ததில் வந்திருக்கலாம் என்று சொல்லி, மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்.

போக வெட்கமாக இருந்தது. என் மனைவி ஸ்டெல்லா வாசலில் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்துவிட்டுக் கூப்பிட்டாள். "பல்லு வலிச்சா பல் டாக்டர்கிட்டப் போறதில்லீங்களா? ஏறுங்க." ஏறினேன். அன்று அவள் கூப்பிடாமல் இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மனநல மருத்துவர் மாத்திரையும் பேச்சு சிகிச்சையும் கொஞ்சம் விடுப்பும் கொடுத்தார். கூடவே ஒரு கட்டளையும் போட்டார். கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டரை (விரலில் மாட்டினால் நாடித்துடிப்பையும் ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவையும் காட்டும் கருவி) நான் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். பார்க்கப் பார்க்கத் துடிப்பு ஏறும். ஏறியதா என்று மறுபடி பார்ப்பேன். "அதை விடாம நீங்க வேலைக்குத் திரும்ப முடியாதுங்க" என்றார். மாத்திரையை விழுங்கிவிட்டேன், இந்தக் கட்டளை தொண்டைக்குள் இறங்கவில்லை.

கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்றும் சொல்லியிருந்தார். போத்தனூரில் எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு ஸ்டெல்லா பழைய குக்கரில் உப்பைப் பரப்பி, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு கேக் செய்வாள். அதையே நானும் செய்தேன். மைதா, முட்டை, சர்க்கரை, வெண்ணெய். அலங்காரம் ஒன்றும் கிடையாது.

ஆனால் ஆயுள் முழுக்கச் சோதனைப் பிரிவில் இருந்தவன் சும்மா இருப்பேனா? மூடியைத் திறந்து பார்த்தேன். குச்சியால் குத்தினேன். மறுபடி திறந்தேன். கேக் நடுவில் குழிந்து உட்கார்ந்துவிட்டது.

"ஏனுங்க, ரிஜெக்ட்டுங்களா?" என்றாள் ஸ்டெல்லா. குழிந்த பக்கத்தையே வெட்டி டீயோடு சாப்பிட்டோம். சூடாக, இனிப்பாக, நன்றாகவே இருந்தது. அடுத்த கேக்கும் குழிந்தது. அதற்கடுத்ததும்.

"உள்ள அது பாட்டுக்கு வேலையப் பாத்துட்டுத்தான் இருக்குதுங்க. நீங்க எட்டி எட்டிப் பாக்கறதுதான் அதுக்குத் தொந்தரவு" என்றாள். அவள் கேக்கைத்தான் சொன்னாள். அப்போது என் விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டியிருந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

அடுத்த முறை அடுப்பைச் சிறிதாக வைத்துவிட்டு முன்னறையில் போய் உட்கார்ந்தேன். எழுந்துபோகத் துடித்த கால்களை அடக்குவது பெரும்பாடாக இருந்தது. ஸ்டேஷன் பக்கம் ஒரு ரயில் கூவிப் போனது. இன்னொன்று வந்து நின்றது. வாசனை முன்னறைக்கு வந்த பிறகுதான் எழுந்தேன். கேக் தலைநிமிர்ந்து நின்றது. வெட்டினால் உள்ளெல்லாம் குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழிகள். குமிழி இருக்கிறதென்று எத்தனை வார்ப்புகளைத் தள்ளியிருக்கிறேன்! இங்கே குமிழிதான் ருசி.

ஆக்ஸிமீட்டரை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் போன் எடுப்பதில்லை என்று மேலாளரிடம் சொன்னேன். அவர் சரியென்றது பெரிய உதவி. பதற்றம் அடியோடு போய்விடவில்லை. போன வாரம்கூடப் பட்டறையில் நெஞ்சு படபடத்தது. கை சட்டைப் பைக்குப் போனது. வெறும் கையாகத் திரும்பியது. ஸ்டூலில் உட்கார்ந்தேன். வந்ததுபோலவே அதுவும் போனது.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நெஞ்சு அடைத்தால் முதலில் மருத்துவமனைக்கு ஓடுங்கள். கேக் செய்யப் போய்விடாதீர்கள். மருத்துவர் ஒன்றுமில்லை என்று சொன்னால், அதை நம்பப் பழக நாளாகும். நாளாகட்டும்.

நேற்று மாலை டிவி ரிமோட் வேலை செய்யவில்லை. பேட்டரி வாங்கக் கடைக்குப் போக ஸ்டெல்லா செருப்பை மாட்டினாள். நான் அலமாரியிலிருந்த ஆக்ஸிமீட்டரைத் திறந்து, அதன் பேட்டரிகளைக் கழற்றி ரிமோட்டில் போட்டேன். அவள் செருப்போடு அப்படியே நின்றாள்.

"அப்புறம் நெஞ்சு படபடன்னா என்னங்க பண்ணுவீங்க?"

"அது பாட்டுக்கு வேலையப் பாக்கட்டும் அம்மணி" என்றேன். அடுப்பில் கேக் இருந்தது. வாசனை இன்னும் வரவில்லை. இருவரும் உட்கார்ந்து டிவி பார்த்தோம்.