மூடிக்கு மேல் போட்ட கதிரை

ஆரணி, கவின், இதை உங்கள் இரண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். ஊரிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் வாசிக்கிறவர்கள் பக்கத்தில் இருந்து கேட்கட்டும். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பிழை கண்டால் கவின் சிரிக்கலாம், ஆனால் கடைசிவரை வாசித்துவிட்டுச் சிரிக்கவேண்டும்.

இந்த சுவிஸ் நாட்டுக்கு வந்து இவ்வளவு காலமாகியும் கார்ட்டூன் என்றால் சின்னப் பிள்ளைகளுக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பூனை எலியைத் துரத்தும், விழும், எழும்பும். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் யப்பான் கார்ட்டூன் ஒன்றைப் போட்டுவிட்டு "வாங்கோ அப்பா, இது ஒரு அப்பாவைப் பற்றினது" என்று கூப்பிட்டபோது நானும் வந்து சோபாவில் இருந்தேன். கண்ணாடி போட்ட, கொஞ்சம் வயிறு வைத்த மனிதர். ரயில் நிலையத்தில் ஆட்கள் தொலைத்துவிட்டுப் போகிற குடைகளை எடுத்துக் கொடுப்பது அவருக்கு வேலை. மகளுக்குத் தொல்லை கொடுத்த ஒருவன் வீட்டுக்குள் வருகிறான். அடுத்த நிமிடம் அவன் குசினித் தரையில் கிடக்கிறான். அப்பாவின் கையில் இரும்புச் சட்டி. பிறகு அவர் பாயை விலக்கி, பலகையைக் கிளப்பி, அவனைத் தரைக்குக் கீழே போட்டு மூடுகிறார். கார்ட்டூனில்! நான் எடுத்த சிப்ஸ் என் கையிலேயே இருந்தது. நீங்கள் இரண்டு பேரும் கரகரவென்று சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"எங்கட அப்பா இப்பிடிச் செய்யமாட்டார். காரே இல்லாத ரோட்டில சிவப்பு லைட்டுக்கு நிக்கிற ஆள்" என்றான் கவின்.

"கொலை செய்யிறதெண்டாலும் முதல்ல பக்கத்து வீட்டுக்காரரிட்டக் கேட்டிட்டுத்தான் செய்வார்" என்றாய் நீ, ஆரணி.

நானும் சிரித்தேன். அதற்குப் பிறகுதான் கதையில் பொலிஸ்காரர் இரண்டு பேர் வந்து அந்த வீட்டு மணியை அடித்தார்கள். என் வாய் என்னைக் கேட்காமல் கதைக்கத் தொடங்கியது. "இனி அவர் அந்த இடத்துக்கு மேலயே போய் இருப்பார்" என்றேன். அவர் போய் அந்தப் பாயின்மேலேயே இருந்தார். "தன்ர மனுசியைக் கதைக்க விடமாட்டார், தேத்தண்ணி போட அனுப்புவார்" என்றேன். அனுப்பினார். "இப்ப வந்தவை எழும்புவினம். அவர் போகச் சொல்லமாட்டார், இன்னும் கொஞ்சம் இருங்கோ எண்டு சொல்லுவார்." அப்படியே சொன்னார்.

ஆரணி, நீ படத்தை நிற்பாட்டினாய். "அப்பா, நீங்க இதை முதலே பாத்திட்டீங்களா?"

"இல்லை."

"அப்ப எப்பிடித் தெரியும்?"

"அப்பா ஒரு கிரிமினல்!" என்று கவின் கத்திக்கொண்டு குஷனால் எனக்கு எறிந்தான். நான் "சும்மா ஒரு ஊகம்" என்று சொல்லிவிட்டுக் கோப்பை கழுவப் போனேன். ஆரணி, நீ சிரிக்கவில்லை. நான் திரும்பிப் பார்க்காமலே எனக்கு அது தெரிந்தது.

அந்தக் கிழமை முழுவதும் நீ என்னைப் புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாய். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அப்பா, சண்டை நடந்த நேரம் நீங்க ஆரையும் கொன்றனீங்களா?" என்று கேட்டாய். குசினியில் அம்மாவின் அகப்பைச் சத்தம் நின்றது. இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் "சாப்பிடு" என்றேன். அன்றிலிருந்து நீ உன் அறைக் கதவை உள்ளே பூட்டத் தொடங்கினாய். அந்தப் பூட்டு விழுகிற சத்தம் கேட்டு நான் நடுக் கூடத்தில் நின்றுவிட்டேன். என் மகள் என்னிடமிருந்து தன்னைப் பாதுகாக்கிறாள். கார்ட்டூனில் கண்ட பிணத்தைவிட இது என்னைத் திகைக்க வைத்தது.

இந்த இடத்தில் வேறொன்று சொல்லவேண்டும். நாங்கள் இருக்கிற வீட்டை நான் எப்படி எடுத்தேன் என்று அம்மா இன்றைக்கும் ஆட்களுக்குச் சொல்லிச் சிரிப்பாள். வீடு காட்டக் கூட்டிக்கொண்டு போன கட்டடப் பொறுப்பாளர் முதலில் கெல்லருக்குக் கொண்டுபோனார். நிலத்துக்குக் கீழே ஒரு அறை. ஒரு முழத் தடிப்பில் கொங்கிறீட் கதவு, காற்று இழுக்க ஒரு மெசின். சுவிஸில் சண்டை வந்தால் ஒளிக்க இப்படிக் கட்டி வைத்திருக்கிறார்கள். சண்டை வரவில்லை, ஆட்கள் பனிச்சறுக்குக் கட்டையும் பழைய சைக்கிளும் வைத்திருந்தார்கள். நான் சுவரைத் தட்டிப் பார்த்தேன். "எத்தனை பேர் இருக்கலாம்?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "இருக்கிறதுக்கு இல்லை. வைன் வைக்க நல்ல இடம், குளிர்" என்றார். எனக்கு வைனில் விருப்பம் என்று நினைத்தாராக்கும், எந்த வைன் நல்லது என்று நெடுநேரம் விளக்கினார். நான் தலையாட்டிக்கொண்டு மேலே வந்து, ஒரு அறையையும் திறந்து பார்க்காமல் கையெழுத்து வைத்தேன். "குசினியைப் பாக்காம வீடெடுத்த மனுசன் உலகத்தில இவர் ஒராள்தான்" என்று அம்மா சொல்வது அதைத்தான். ஏன் எடுத்தேன் என்று அவளுக்குத் தெரியும். அவளும் சண்டைக்குள் வளர்ந்த வன்னிக்காரிதானே.

இனிப் பள்ளிக்கூடத்துக் கதை. கவின், இது உனக்குத் தெரியாது. அக்கா வகுப்பில், தான் பார்த்த ஒரு கதையைப் பற்றி எழுதும்போது, "என் அப்பா எல்லாவற்றையும் முதலே சொன்னார், எப்படித் தெரியும் என்று சொல்லமாட்டேன் என்கிறார்" என்று எழுதிவிட்டாள். ரீச்சர் என்னைக் கூப்பிட்டார். நான் கலியாணத்துக்குப் போடுகிற சேர்ட்டைப் போட்டுக்கொண்டு போனேன். என் டொச், இங்கத்தை ஜெர்மன் பாஷை, வேலை செய்யும் இடத்துக்குத்தான் காணும், அதனால் ஆரணி நடுவில் இருந்து மொழிபெயர்த்தாள். ரீச்சர் நல்ல மனுசி. மெல்லக் கேட்டார். நான் நேராகவே சொல்லிவிடுவோம் என்று எனக்குத் தெரிந்த டொச்சில் தொடங்கினேன். "என் அப்பா. நிலத்தில் கிடங்கு. உள்ளே நான். மேலே மூடி."

ரீச்சரின் பேனை நின்றது. "உங்கள் அப்பா உங்களைப் பூட்டி வைத்தாரா?"

"ஓம்" என்றேன், விளங்கிவிட்டது என்ற சந்தோசத்தில். "நல்ல அப்பா."

"எவ்வளவு காலம்?"

"மழை தொடங்கினதில இருந்து நெல்லு வெட்டு வரைக்கும்" என்று தமிழில் சொன்னேன். ஆரணி மொழிபெயர்த்தாள். அவளுடைய குரல் சிறுத்துக்கொண்டு வந்தது.

"நீங்கள் பொலிசிடம் சொல்லவில்லையா?"

"பொலிசிட்டயோ!" என்று நான் சிரித்துவிட்டேன். ரீச்சர் வெளிறிப்போனார். எழும்பிப் போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். என் தோளைத் தொட்டு, அது உங்கள் பிழையில்லை என்றார். ஒரு பொல்லாத தகப்பனிடம் வளர்ந்த பாவம் என்று என்னை நினைத்துவிட்டார். அதைத் திருத்த எனக்குச் சொல் இல்லை. ஆரணியைப் பார்த்தேன். அவள் மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டாள்.

"அப்பா" என்றாள் தமிழில். "அப்ப கீழ இருந்தது நீங்களோ?"

ஓம் பிள்ளை. கீழே இருந்தது நான்.

அந்த அறையில் பாதியில் நின்றதை இப்போது முழுவதும் சொல்கிறேன். என் அப்பா, உங்கள் அப்பப்பா, மலைநாட்டில் தேயிலைக் கன்றுக்குக் கிடங்கு வெட்டி வளர்ந்தவர். அங்கே தமிழருக்கு அடி விழுந்த நேரம் குடும்பத்தோடு ஓடிவந்து கிளிநொச்சிக்குக் கிழக்கே காடு வெட்டிக் குடியேறினவர். கடைசிவரை அவருடைய பேச்சு மலைப்பேச்சுத்தான். எனக்கு மீசை அரும்பின காலம், சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று இயக்கக்காரர் கேட்டு வந்தார்கள். அவருக்கு நான் ஒரே பிள்ளை. மண்வெட்டியை எடுத்தார். முன்அறைத் தரையில் கிடங்கு வெட்டி, பனைப்பலகையில் மூடி செய்து, காற்றுக்கு ஒரு குழாயை நிலத்துக்குள்ளால் கோழிக்கூட்டுக்குக் கீழே கொண்டுபோய் விட்டார். விடிய நான் உள்ளே இறங்குவேன். அப்பம்மா மூடியின் மேல் மண்போட்டுச் சாணத்தால் மெழுகுவா. மூடியை மட்டும் மெழுகினால் ஈரம் காட்டிக்கொடுக்கும் என்று ஒவ்வொரு நாளும் வீடு முழுவதையும் மெழுகுவா. "என்னடியப்பா, உங்கட வீட்டில நாளாந்தம் பொங்கலோ?" என்று பக்கத்து வீட்டு மனுசி கேட்பது எனக்குக் கீழே கேட்கும். பொழுதுபடும்போது அப்பப்பா கோழிகளை அடைக்கக் கூட்டடிக்கு வந்து "பா... பா... பா..." என்று கூப்பிடுவார். கோழியைக் கூப்பிடுவதை ஆர் சந்தேகப்படுவார்கள்? அந்தக் குரல் குழாயால் இறங்கி வரும். கோழிகள் கூட்டுக்குள் போகும், நான் வெளியே வருவேன்.

ஒரு காலை மூன்று பேர் வந்தார்கள். ஒருவன், குரலிலேயே தெரிந்தது, என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். அவனையும் ஒரு வீட்டிலிருந்து முதலே கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அப்பப்பா கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து மூடியின் மேல் போட்டு இருந்தார். மண் என் தலையில் கொட்டியது.

"ஐயா, மகன் எங்க?"

"வவுனியாவுக்குப் போயிட்டானுங்க தம்பி."

"வன்னியை விட்டுப் போக பாஸ் ஆர் குடுத்தது?"

"கேட்டா குடுப்பீங்களா? அதான் கேக்காமலே போயிட்டான்."

ஒருவன் சிரித்துவிட்டான். மற்றவன், "வீட்டை நல்லாத்தான் மெழுகி வைச்சிருக்கிறியள்" என்றான்.

"புள்ள இல்லாத வீட்டுல பொம்பளைக்கு வேற என்னங்க வேலை? ஏம்மா, தம்பிகளுக்குத் தேத்தண்ணி போடு. இருங்க தம்பி, குடிச்சிட்டுப் போங்க."

அவருடைய குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. கதிரைக்கால் நடுங்கியது. பலகையில் டக், டக், டக் என்று சின்னதாக ஒரு சத்தம். மேலே தேத்தண்ணி குடித்தவர்களுக்கு அது கேட்டிருக்காது. எனக்கு மட்டும் கேட்டது. அவர்கள் போனபிறகும் நெடுநேரம் கேட்டது. உங்கள் கார்ட்டூனில் அந்தத் தகப்பன் பொலிஸுக்கு முன்னால் அமைதியாக இருந்தபோது நான் அந்த ஒரு சத்தத்தைத்தான் தேடினேன். படம் கீறினவர்கள் முகத்தை வடிவாகக் கீறியிருக்கிறார்கள். கீழே கிடந்தவனுக்கு என்ன கேட்டது என்று அவர்களுக்கு ஆர் சொல்வது?

நெல்லு வெட்டுக்குப் பிறகு சண்டை எங்கள் வாசலுக்கே வந்தது. கிடங்கை விட்டுவிட்டு ஓடினோம். போன இடமெல்லாம் அப்பப்பா புதுக் கிடங்கு வெட்டினார். கடைசியாக முள்ளிவாய்க்காலில், கடற்கரை மணலில். மணல் சரிந்து சரிந்து விழுந்ததால் அது இரண்டு பேருக்குத்தான் காணும். அப்பம்மாவையும் என்னையும் இறக்கிவிட்டு, "நான் மேல இருக்கேன்டா" என்று சொல்லி விளிம்பில் குந்தியிருந்தார். அப்பப்பா சண்டையில் செத்தவர் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இப்படித்தான். நான் ஆரையும் கொல்லவில்லை, ஆரணி. உங்களுக்கு ஒன்று வந்தால் என்ன செய்வேன் என்று கேட்டால், அந்தக் குடைக்கார அப்பா செய்ததை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. மேலே இருப்பேன் என்று மட்டும் சொல்லத் தெரியும்.

பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது சிவப்பு லைட் விழுந்தது. ஒரு காரும் இல்லை. வழக்கமாக நீ எனக்கு முன்னே கடந்துபோய் மற்றப் பக்கத்தில் நின்று சிரிக்கிறவள். அன்றைக்கு என்னோடு நின்றாய். வீட்டுக்கு வந்தபிறகு உன் கதவு பூட்டுப்படுகிற சத்தம் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு நீங்கள் அம்மாவோடு நீந்தப் போயிருந்தீர்கள். நான் அரிசி எடுக்கக் கெல்லருக்கு இறங்கினேன். அந்தக் கொங்கிறீட் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு அரிசி மூட்டையின்மேல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் லைட் தானாக அணைந்தது. சாண மணமும் இல்லை, கோழி மணமும் இல்லை. உங்கள் பனிச்சறுக்குச் சப்பாத்து மணம்தான். பிறகு எழும்பிக் கதவைத் தள்ளித் திறந்து வெளியே நின்றேன். இருட்டறையைப் பார்த்து மெதுவாக "பா... பா... பா..." என்று கூப்பிட்டேன். மேலே ஆரோ தண்ணீர் திறக்கிற சத்தம் கேட்டது. கீழே இருந்தவன் வெளியே வருவானா என்று நின்று பார்த்தேன். பாதுகாப்பு அறைக் கதவை எப்போதும் சாத்தி வைக்கவேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதை அகலத் திறந்தபடி விட்டுவிட்டு, அரிசியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தேன்.